ஆசியா என்றால் ‘மாறு செய்தவள்’ என்று அர்த்தமா?

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஒரே மகள். பெயர் ஆசியா. 2024 பிப்ரவரியில் பிறந்தவள். பெயரைச் சொன்னது சகோதரியின் வாப்பா. அது அவருடைய உம்மாவின் பெயர். ஏழாம் நாள் அகீகா (குழந்தைக்காக ஆடு அறுத்துப் பங்கிடுவது) கொடுத்து, இமாமை அழைத்துப் பெயர் வைத்து, எல்லாம் நல்லபடியாகவே நடந்திருக்கிறது. கணவர் சபுராளி (வெளிநாட்டில் சம்பாதிப்பவர்), சவூதியின் தம்மாமில் வேலை. மனைவியையும் மகளையும் அங்கே அழைத்துக்கொள்ளக் குடும்ப விசாவுக்கு முயன்றவர், மகளின் பிறப்புச் சான்றிதழை ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்து அரபியில் மொழிபெயர்த்து வாங்கியிருக்கிறார். கூட வேலை செய்யும் எகிப்துக்காரர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “பெற்ற மகளுக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? மாறு செய்தவள், பாவி என்று எழுதியிருக்கிறதே” என்று கேட்டுவிட்டார். கணவருக்கு அன்றிரவு தூக்கமில்லை. விடிவதற்குள் போன்.

செய்தி மாமியின் (கணவரின் உம்மா) காதுக்கும் போயிற்று. “பயானில் நானே கேட்டிருக்கேன். இந்தப் பேரை நபிகள் நாயகமே மாற்றி ஜமீலான்னு வச்சாங்க. பிள்ளைக்கு மாசாமாசம் காய்ச்சல் வர்றது சும்மா இல்ல” என்று மாமி சொல்கிறார். கணவரின் தங்கையோ, “எப்படியும் மாற்றத்தானே போறீங்க, அலைனான்னு வைங்க, ஆசியாவெல்லாம் கிழவி பேரு” என்கிறாள். வாப்பாவிடம் இதைச் சொல்லும் தைரியம் சகோதரிக்கு இல்லை. அவர் கேட்பவை நான்கு: பெயரின் அர்த்தம் உண்மையிலேயே கெட்டதா? மாற்றுவதானால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் எப்படி மாற்றுவது? மாமி சொன்னால் மாற்றித்தான் ஆக வேண்டுமா? மாற்றினால் அகீகா திரும்பக் கொடுக்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞர், ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. ஆனால் கல்லூரியில் பார்ட் ஒன் மொழியாக அரபி எடுத்துப் படித்தவன். உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த அந்த மொழிபெயர்ப்புத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரச்சினை உங்கள் மகளின் பெயரில் இல்லை. அந்தத் தாளில் இருக்கிறது.

எகிப்துக்காரரும் பொய் சொல்லவில்லை, மாமியும் பொய் சொல்லவில்லை. தாளில் எழுதியிருக்கும் சொல்லுக்கு அவர்கள் சொன்ன அர்த்தம்தான். ஆனால் உங்கள் வாப்பா வைத்த பெயர் அந்தச் சொல் அல்ல. அரபியில் இவை இரண்டு தனிச் சொற்கள். தமிழ்க் காதுக்கும் ஆங்கில எழுத்துக்கும் ஒன்றாகிப் போகின்றன, அவ்வளவுதான்.

இரண்டு ஆசியாக்கள்

குர்ஆன் ஓதத் தெரிந்தவர் நீங்கள் என்பதால் எழுத்தைச் சொன்னாலே புரிந்துவிடும். உங்கள் மகளின் பெயர் மத்து (நீட்டல் குறி) போட்ட அலிஃபில் தொடங்கும். பிறகு ஸீன், யா, கடைசியில் வட்டத் தா. அந்தத் தாளில் இருப்பதோ ஐனில் தொடங்குகிறது. அலிஃப், ஸாத், யா, வட்டத் தா. ஐனும் ஸாதும் வந்ததும் வேர்ச்சொல்லே மாறிவிடுகிறது. ‘அஸா’ என்றால் மாறு செய்தான். ‘வ அஸா ஆதமு ரப்பஹு’ என்று தாஹா சூராவில் (20:121) ஓதியிருப்பீர்கள். அந்த வேரிலிருந்து வரும் பெண்பாற்சொல்தான் ‘மாறு செய்தவள்’.

மாமி கேட்ட ஹதீஸும் சரியானதே. உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு இந்த ஐன்-ஸாத் பெயர் இருந்தது, நபி (ஸல்) அவர்கள் அதை ஜமீலா என்று மாற்றினார்கள் என்று முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. உங்கள் மகளின் பெயரைப் பற்றி வரும் ஹதீஸ் வேறு. ‘ஆண்களில் பலர் முழுமை அடைந்தார்கள், பெண்களில் இம்ரானின் மகள் மர்யமும் ஃபிர்அவ்னின் (மூஸா நபியை எதிர்த்த எகிப்து மன்னன்) மனைவி ஆசியாவும் தவிர வேறு யாரும் முழுமை அடையவில்லை’ என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஒரு பெயரை மாற்றச் சொன்ன அதே நபிதான் இன்னொரு பெயருக்கு உரியவரை மர்யமுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறார். இரண்டும் ஒரே பெயராக இருக்க வழியே இல்லை. மாமிக்கு இந்த ஒரு வாதம் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. முஸ்ஸம்மில் சூராவில் (73:16) ‘ஃபஅஸா ஃபிர்அவ்னுர் ரஸூல’ என்று வருகிறது. ஃபிர்அவ்ன் அந்தத் தூதருக்கு மாறு செய்தான். ஐனும் ஸாதும் போட்ட அந்தச் சொல்லைக் குர்ஆன் கணவனுக்குச் சூட்டியிருக்கிறது. தம்மாமில் டைப் அடித்தவர் அதைத் தூக்கி மனைவியின் தலையில் வைத்துவிட்டார்!

ஃபிர்அவ்னின் மனைவியைக் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பெயர் ஹதீஸ்களிலும் விளக்கவுரைகளிலும்தான் வருகிறது. ஆனால் அவருடைய பேச்சு குர்ஆனில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆற்றில் வந்த குழந்தை மூஸாவைப் பார்த்து, ‘எனக்கும் உனக்கும் கண்குளிர்ச்சி, இவனைக் கொல்லாதே’ என்று கணவனிடம் சொல்வது ஓரிடம் (28:9). ‘இறைவா, உன்னிடத்தில் சொர்க்கத்தில் எனக்கொரு வீடு கட்டு’ என்று துஆ செய்வது இன்னோரிடம் (66:11). அரண்மனையில் இருப்பவர் கேட்டது ஒரு வீடு. எனக்கு எப்போது படித்தாலும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும். (விவிலியத்தில் மோசேயை ஆற்றிலிருந்து எடுப்பது ஃபாரவோனின் மகள், இங்கே மனைவி.)

சரி, அர்த்தம்தான் என்ன?

அரபி அகராதிகள் இந்தப் பெயரை வேறொரு ‘அஸா’ வேரோடு, அதாவது அலிஃப், ஸீன், வாவ் கொண்ட வேரோடு சேர்க்கின்றன. காயத்துக்கு மருந்திடுவது, துயரத்தை ஆற்றுவது என்பது அதன் பொருள். ‘ஆஸின்’ என்றால் வைத்தியர். ஆசியா என்றால் வைத்தியம் செய்பவள், ஆற்றுபவள். கட்டடத்தைத் தாங்கும் தூண் என்ற பொருளும் உண்டு. ‘உஸ்வத்துன் ஹஸனா’ (33:21) என்று அடிக்கடி கேட்கிறோமே, அழகிய முன்மாதிரி, அந்த உஸ்வாவும் இதே வேர்தான். ஆறுதல் சொல்லித் துணை நிற்பதற்கு அரபியில் ‘முவாஸாத்’ என்பார்கள். அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல். தம்மாமில் அந்தப் பெயரில் பெரிய ஆஸ்பத்திரியே இருக்கிறது, உங்கள் கணவர் போர்டைப் பார்த்திருப்பார். மகளின் பெயர் அந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது இணையத்தில் தேடி எடுத்துவந்து உங்களைப் பயமுறுத்துவார்கள். ‘அஸிய’ என்ற வினைக்குக் கவலைப்பட்டான் என்று பொருள். அதனால் ஆசியாவுக்குத் ‘துயரப்படுபவள்’ என்றும் சிலர் எழுதுவது உண்டு. இலக்கணப்படி அது சாத்தியம்தான். ஆனால் ஃபிர்அவ்ன் காலத்து எகிப்தில் யாரும் அரபி பேசவில்லை. அந்த அம்மையாரின் பெயர் வேறொரு மொழியிலிருந்து அரபிக்கு வந்த பெயராகத்தான் இருக்க வேண்டும். விவிலியத்தில் யோசேப்பின் மனைவியாக வரும் ஆசெனாத் என்ற பெயர்தான் உருமாறி ஆசியா ஆயிற்று என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அகராதி அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆசியா என்று பெயர் வைக்கும் ஆயிரம் பேரில் ஒருவர்கூட அகராதியைப் பார்த்து வைப்பதில்லை. அந்த அம்மையாரை நினைத்துத்தான் வைக்கிறார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் ஆசியா மரியம் என்று சேர்த்து வைப்பது எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

கண்டத்தின் பெயர் ஆசியா என்பது கிரேக்க வழி வந்தது, இதற்கும் அதற்கும் உறவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘ஆசியாக் கண்டம்’ என்று கேலி செய்வார்கள்தான். அரபு நாட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தக் கேலி உண்டு, ஏனென்றால் அரபியிலும் கண்டத்தின் பெயர் கிட்டத்தட்ட அதே ஒலிதான். அது தாங்கக்கூடிய கேலி.

கிழவி பெயர்தானா?

உங்கள் கணவரின் தங்கை சொல்வதில் பாதி உண்மை. தமிழ்நாட்டில் இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பெயரை அதிகம் கேட்க முடிவதில்லை. ஆசியாம்மா, ஆசியா பீவி, ஆசியா பேகம் என்றால் நமக்கு ஒரு பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அதே பெயர்தான் ‘அம்மாள்’ சேர்ந்து ஆசியம்மாள் ஆகிறது. தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவில் பெண் ஐ.ஜி.யாக 2021இல் பொறுப்பேற்ற அதிகாரியின் பெயர் அதுதான், தங்கைக்குச் சொல்லுங்கள்.

ஊரைத் தாண்டிப் பார்த்தால் இந்தப் பெயர் போகாத இடமில்லை. துருக்கியில் ஆசியே, போஸ்னியாவில் ஆசியா, காகசஸ் மலைப்பக்கம் ஆசியத், மலேசியாவில் ஆசியா என்று அந்தந்த நாக்குக்கு ஏற்ப வளைந்திருக்கிறது. எகிப்தியத் திரையுலகின் தொடக்க காலத்தில் நடிகையாகவும் தயாரிப்பாளராகவும் பேர் பெற்ற ஆசியா தாகிர் லெபனானில் பிறந்தவர். ஆகவே எகிப்துக்காரர் எவருக்கும் ஆசியா என்ற பெயர் புதிதாக இருக்க முடியாது. உங்கள் கணவர் பெயரை வாயால் சொல்லியிருந்தால் அந்த நண்பர் ‘நல்ல பெயர்’ என்று சொல்லியிருப்பார். எழுத்தைப் பார்த்ததால்தான் அதிர்ந்திருக்கிறார். அல்ஜீரிய நாவலாசிரியை ஒருவர், பெற்றோர் வைத்த ஃபாத்திமா ஸொஹ்ரா என்ற பெயரை விட்டு, ஆசியா ஜெபார் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆறுதல் என்ற பொருளுக்காகத் தேர்ந்தெடுத்த பெயர். 2005இல் பிரெஞ்சு அகாடமிக்குத் தேர்வானபோதும் அந்தப் பெயரோடுதான் போனார்.

அலைனா பற்றி ஒரு வார்த்தை. அரபியில் ‘அலைனா’ என்பது பெயரே அல்ல. ‘எங்கள் மீது’ என்று அர்த்தம் தரும் ஒரு சொற்சேர்க்கை. தொழுகையின் அத்தஹிய்யாத்தில் ‘அஸ்ஸலாமு அலைனா’ என்று ஓதுகிறோமே, அதுதான். துருக்கியில் அலெய்னா என்று நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். ஒலி இனிமையாக இருப்பதால் ஓடிய பெயர். வைக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? அர்த்தம் சரியில்லை என்று ஒரு பெயரை விட்டுவிட்டு அலைனாவுக்குப் போவது வேடிக்கையாக இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

எதைத் திருத்த வேண்டும்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பிறப்புச் சான்றிதழில் எந்தத் தவறும் இல்லை. அதில் தமிழில் ஆசியா என்றும் ஆங்கிலத்தில் ஏ-எஸ்-ஐ-ஒய்-ஏ என்றும் இருக்கிறது. ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் அதே எழுத்துகள். இவை எதிலும் அரபியே கிடையாது. அரபி இருப்பது தம்மாமில் எடுத்த அந்த ஒரு தாளில் மட்டும்தான். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு மொழிபெயர்ப்பு எடுத்தால் விஷயம் முடிந்தது. அரபியைத் தாய்மொழியாகப் பேசுபவர் ஒரு குழந்தையின் பெயரை அப்படி எழுதியிருக்க மாட்டார். அந்த சென்டரில் இருந்தவர் நம் பக்கத்து ஆளாக இருப்பார் என்பது என் ஊகம். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் தாமதம் கூடாது. அந்தத் தாளை வைத்து விசா, பிறகு இகாமா (அங்கே தங்குவதற்கான அட்டை) என்று போய்விட்டால் அரபிப் பெயர் அவற்றிலும் ஏறிவிடும். அதற்குப் பிறகு திருத்துவது முடியாத காரியம் இல்லை, ஆனால் உங்கள் கணவர் வேலையை விட்டுவிட்டு ஜவாஸாத் (பாஸ்போர்ட், குடியேற்ற) அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். விசா விண்ணப்பம் ஏற்கெனவே போய்விட்டதா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. போயிருந்தால் கம்பெனியில் விசா வேலையைப் பார்ப்பவரிடம் இன்றே சொல்லச் சொல்லுங்கள்.

மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தால்

எல்லாம் தெரிந்த பிறகும் நீங்களும் கணவரும் மனமொத்துப் பெயரை மாற்ற விரும்பலாம். அது உங்கள் உரிமை. அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. அப்போதும் பழைய பதிவை அழிக்க மாட்டார். ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார். கவனிக்க வேண்டியது, அது பிழைக்கான வழி. ஆசியா என்று நீங்களே எழுதிக் கொடுத்து, ஆசியா என்றே பதிவானதில் பிழை எதுவும் இல்லை. மனம் மாறியதைப் பிழை என்று காட்டினால் பதிவாளர் பெரும்பாலும் மறுத்துவிடுவார். மறுத்தால் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், 90 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கட்சி வலுவானது என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொரு வழி, எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை மூலம் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவது. மைனர் குழந்தைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அந்த கெஜட்டை வைத்து ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் மாற்றலாம்.

இங்கேதான் சிக்கல். அதே 2023 திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். உங்கள் மகள் இந்தக் கணக்கில் வருகிறாள். சான்றிதழில் ஆசியா, மற்றதில் ஜமீலா என்று இருந்தால் அவள் வாழ்நாள் முழுக்க கெஜட் நகலைப் பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். என்னிடம் வரும் பெயர் வழக்குகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு குடும்பச் சண்டையில் அவசரமாக மாற்றிய பெயர்களால் வந்தவை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். விசாவுக்காக வெளியுறவு அமைச்சகத்தில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான சான்று) வாங்கியிருப்பீர்கள். சான்றிதழ் மாறினால் அதையும் புதிதாக வாங்க வேண்டும்.

அடுத்த பிள்ளைக்கு உதவும் ஒரு தகவல்: பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரை அப்போதே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். மாமி, தங்கை, வாப்பா எல்லோரும் பேசி முடிக்க ஒரு வருடம் போதும்.

மாமி, காய்ச்சல், அகீகா

பெயர் விஷயத்தில் சட்டம் பார்ப்பது பெற்றோரையும், பெற்றோர் இல்லாதபோது பாதுகாவலரையும்தான். பாட்டிக்கு அதில் இடமில்லை. இதை உங்கள் தெம்புக்காகச் சொல்கிறேன். மாமியிடம் போய்ச் சட்டம் பேச வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேத்தியை யாராவது பாவி என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார், அதுவும் ஹதீஸைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறார். நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும். உங்கள் ஊர் மத்ரஸா உஸ்தாதிடம் இரண்டு பெயரையும் அரபியில் ஒரே தாளில் எழுதி வாங்கி, அவரையே மாமிக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பழைய அறபுத்தமிழ்க் கிதாபு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். தமிழையே அரபி எழுத்தில் எழுதிய அந்தக் காலத்து உம்மம்மாமார்களுக்கு ஐன் எது, அலிஃப் எது என்ற இந்தக் குழப்பம் வந்திருக்காது. நாம் எல்லாவற்றையும் ஒரே ‘சி’யில் போட்டு அடைத்துவிட்டோம்.

மாதாமாதம் காய்ச்சல் என்றால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். பெயர் பேச்சில் அது தள்ளிப் போய்விடக் கூடாது.

அகீகா பற்றிய கேள்வி, பெயரை மாற்றினால்தானே எழும். அப்படி மாற்றுவதாக இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் வரம்பில் இல்லை.

கணவருக்கு இன்றிரவே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சான்றிதழை மட்டும் நீட்டாமல், பெயரை அரபியில் எழுதிய சீட்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்: மத்துப் போட்ட அலிஃப், ஸீன், யா, வட்டத் தா. எழுதத் தயக்கமாக இருந்தால், ‘ஃபிர்அவ்னின் மனைவி பெயர்’ என்று அரபியில் ‘இம்ரஅத்து ஃபிர்அவ்ன்’ என்று சொன்னாலே போதும், கேட்பவர் சரியாக எழுதிவிடுவார். தாள் கைக்கு வந்ததும் அந்த எகிப்து நண்பரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொள்ளட்டும். வாப்பாவிடம் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.